எக்ஸ் போட்ட வீடுகள்: பொது சுகாதாரத் துறை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை,
தேனாம்பேட்டை, சென்னை.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் எழுதுகிறேன். தென்மாவட்டத்துக்காரி. எந்த ஊர், எந்த ஆரம்ப சுகாதார நிலையம் என்று சொல்லப்போவதில்லை. பயந்துகொண்டு அல்ல, என் பென்ஷன் ஒழுங்காகத்தான் வருகிறது. பெயரைப் போட்டால் மறுநாளே அந்த நிலையத்துக்கு ஒரு மெமோ போகும். மெமோ போனால் ரெஜிஸ்டர் சரியாகிவிடும், விஷயம் அதோடு முடிந்துவிடும். எனக்கு அது வேண்டாம். நான் சொல்லப்போகிற குறையில் என் கையெழுத்தும் இருக்கிறது.

போலியோ சொட்டு மருந்து ஞாயிறு முடிந்த மறுநாள் நாங்கள் சுண்ணக்கட்டியும் மருந்துப் பெட்டியுமாகத் தெருவில் இறங்கியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சொட்டு மருந்து விழுந்திருந்தால் கதவுக்குப் பக்கத்தில் 'பி' என்று எழுதுவோம். ஒரு பிள்ளை விட்டுப்போயிருந்தாலும், வீடு பூட்டிக் கிடந்தாலும் 'எக்ஸ்'. எக்ஸ் போட்ட வீட்டுக்கு மறுபடியும் போக வேண்டும். பிள்ளை மாமன் வீட்டுக்குப் போயிருக்கிறது என்றால் மாமன் ஊர் எது, அந்த ஊர் நர்ஸ் யார் என்று விசாரித்துச் சொல்ல வேண்டும். எக்ஸ் 'பி'யாக மாறும்வரை அந்தத் தெரு முடிந்த தெரு ஆகாது. 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழ் வாங்கியதற்கு மருந்து ஒரு காரணம். பூட்டின வீட்டுக்கு மூன்றாவது தடவையும் போய்க் கதவைத் தட்டிய பிடிவாதம் இன்னொரு காரணம்.

அந்தப் பிடிவாதத்தைப் பிள்ளைகளிடம் மட்டுமல்ல, வயது வந்தவர்களிடமும் துறை காட்ட வேண்டும். இந்த மடலில் நான் கேட்பது அவ்வளவுதான்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். செவ்வாய் சாயங்காலமே எங்கள் கையில் டியூ லிஸ்ட் இருக்கும். யாருக்குப் பென்டா தடுப்பூசி மூன்றாவது தவணை, யாருக்குத் தட்டம்மை-ரூபெல்லாவுக்கான எம்.ஆர்., போன வாரம் காய்ச்சல் என்று ஊசி போடாமல் திருப்பி அனுப்பிய பிள்ளை எது என்று தாய் பெயர், தெரு உட்பட அதில் இருக்கும். வராத பிள்ளையின் வீட்டுக்கு மத்தியானத்துக்குள் ஆள் போய்விடும். கர்ப்பிணி என்றால் பிக்மி எண், அதாவது கர்ப்பத்தை ஆன்லைனில் பதிந்த எண். அதை வைத்து அவர் எந்த மாதத்தில் எந்தச் சோதனைக்கு வரவில்லை என்று சென்னையில் உட்கார்ந்தபடியே நீங்கள் பார்க்கலாம்.

அந்தப் பிள்ளையைத் தூக்கிவருகிற அம்மாவுக்கு 32 வயது இருக்கும். கூடவே பை தூக்கிக்கொண்டு வருகிற மாமியாருக்கு 55. அரசு விதிப்படி 30 வயது தாண்டிய இருவருக்கும் இரத்த அழுத்தம், சர்க்கரை, வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் என்று ஐந்தையும் பார்க்க வேண்டும். ஆனால் இவர்களுக்கு டியூ லிஸ்ட் கிடையாது. டார்கெட் உண்டு. இந்த மாதம் இத்தனை பேர், இந்த வாரம் இத்தனை பேர் என்று. டார்கெட்டில் யாருக்கும் பெயர் இல்லை, அதனால் யாரும் விட்டுப்போவதும் இல்லை. தெற்குத்தெருப் பெண் வராவிட்டால் வடக்குத்தெருவில் ஒருத்தியைப் பிடித்துக் கணக்கைச் சரிக்கட்டிவிடலாம். நானும் கட்டியிருக்கிறேன்.

ஒரே ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை நர்சம்மா என்பார். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். வயது அப்போது 48. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்கு வரமாட்டேன் என்று இரண்டு மாதம் சாக்குச் சொன்னார். நான்தான் விடாமல் கூட்டிப்போனேன். சோதனை எளிது. அசெட்டிக் அமிலத்தை 3 முதல் 5 சதவீதம் கலந்த நீர், கிட்டத்தட்ட நம் வினிகர் மாதிரிதான். அதில் நனைத்த பஞ்சால் கர்ப்பப்பை வாயைத் தொட்டு ஒரு நிமிடம் பொறுத்தால், மாறுதல் கண்ட இடம் வெள்ளையாகத் தெரியும். தெரிந்தது. ஸ்டாஃப் நர்ஸ் பாசிட்டிவ் என்றார். நாங்கள் அக்காவுக்குப் பதமாக எடுத்துச் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தோம். ரெஜிஸ்டரில் அவர் பெயருக்கு நேரே 'பாசிட்டிவ், ரெஃபர்டு' என்று எழுதியது நான்.

பத்து நாள் கழித்து வரப்பில் பார்த்துக் கேட்டேன்.

"போனேன் நர்சம்மா. அந்த மிசினு வச்சுப் பாக்குற டாக்டரம்மா அன்னைக்கு லீவாம். வியாழக்கெழம வாங்கன்னாக. வியாழக்கெழம நடவு. எனக்குத்தான் வலி கிலி ஒன்னும் இல்லையே, போயிக்கிறலாம்."

அவர் பேச்சில் என்ன தப்பு? ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறிப் போய், வாசலிலேயே திரும்பி வந்திருக்கிறார். உடம்பு நோகவில்லை, நடவு காத்திருக்காது. சரிக்கா, அடுத்த வாரம் நானே கூட்டிப்போறேன் என்றேன். அடுத்த வாரம் எங்கள் பக்கம் டெங்கு. அதற்கடுத்த வாரம் தணிக்கை. அப்புறம் அவர் என் கண்ணில் படும்போதெல்லாம் ஏதோ நினைவுக்கு வரும், வேறு ஏதோ வேலை அதை மறைத்துவிடும்.

மூன்று வருடம் கழித்து அவரே துணை சுகாதார நிலையத்துக்கு என்னைத் தேடி வந்தார். தீட்டு நின்று வருடமான பிறகு திரும்ப இரத்தம் படுகிறது என்றார். அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரியும்.

அவர் காரியம் முடிந்த பிறகு பழைய ரெஜிஸ்டரைத் தேடி எடுத்தேன். அவரைச் சோதித்த மாதத்தில் எங்கள் நிலையம் டார்கெட்டைத் தாண்டியிருந்தது. பக்கத்தின் அடியில் அதிகாரி பச்சை மையில் 'குட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தக் 'குட்'டில் அக்காவும் ஒரு எண்.

பாசிட்டிவ் வந்த ஒவ்வொருவரையும் கடைசிவரை பார்ப்பது கிராமத்தில் நடைமுறைக்கு வராது என்று எந்த ரிவ்யூ கூட்டத்திலாவது யாராவது சொன்னால், அவரைத் திண்டுக்கல் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். 2000க்கும் 2003க்கும் இடையில் அந்த மாவட்டத்துக் கிராமங்களில், அம்பிளிக்கையில் இருக்கிற கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமுதாய சுகாதார மையமும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் சேர்ந்து ஒரு பெரிய ஆய்வு நடத்தின. மொத்தம் 114 கிராமத் தொகுப்புகள். பாதியில் சோதனை உண்டு, பாதியில் வழக்கமான கவனிப்பு மட்டும். சோதனை செய்த பகுதியில் 30 முதல் 59 வயதுப் பெண்கள் 49,311 பேர். சோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர். பார்த்தது பயிற்சி பெற்ற நர்சுகள், மேலே சொன்ன அதே அசெட்டிக் அமிலத்தை வைத்துத்தான். 2007இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. சோதனை நடந்த பகுதியில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தது.

இந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் கடைசி இரண்டு எண்ணைச் சொல்லிக் கைதட்டு வாங்குவார்கள். நடுவில் இருக்கிற இரண்டு எண்தான் என் போன்றவர்களுக்குப் பாடம். பாசிட்டிவ் வந்த பெண்கள் 3,088 பேர். அவர்களில் அடுத்த கட்டமான கோல்போஸ்கோப்பி, அதாவது கர்ப்பப்பை வாயைக் கருவி வைத்துப் பெரிதாக்கிப் பார்க்கிற சோதனை, பார்க்கப்பட்டவர்கள் 3,052 பேர். விட்டுப்போனது 36 பேர்!

எப்படி முடிந்தது? பாசிட்டிவ் என்றால் அந்த வருகையிலேயே நர்சுகளே கோல்போஸ்கோப்பி பார்த்தார்கள். தேவைப்பட்டால் திசு எடுத்தார்கள். மாறுதல் கண்ட இடத்தை உறையவைத்து அழிக்கிற கிரையோ சிகிச்சை பொருந்துமென்றால் அதையும் அங்கேயே கொடுத்தார்கள். 'வியாழக்கிழமை வாங்க' என்று சொல்ல அங்கே இடமே இல்லை. எங்கள் அக்கா திண்டுக்கல் ஆய்வுக் கிராமம் ஒன்றில் பிறந்திருந்தால் என்று நான் யோசிக்காத மாதம் கிடையாது.

அந்தக் காலத்துக் கிரையோவுக்குக் கேஸ் சிலிண்டர் வேண்டும், அதைக் கிராமத்துக்குச் சுமக்க வேண்டும். இப்போது அதே இடத்தைச் சூட்டால் அழிக்கிற தெர்மல் அப்லேஷன் கருவி வந்துவிட்டது. கைக்கு அடக்கம், பேட்டரியில் ஓடும், சிலிண்டர் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே அதை ஏற்றுக்கொண்டது. வட்டாரத்துக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில், மாதத்தில் இன்ன தேதி என்று நிலையாக ஒரு நாள் வையுங்கள். பயிற்சி பெற்ற டாக்டர் ஒருவர், நர்ஸ் இரண்டு பேர், கருவி ஒன்று. சோதனையும் சிகிச்சையும் அன்றைக்கே. தேதி மாறக் கூடாது. சந்தை நாள் மாதிரி ஊருக்கே அந்தத் தேதி தெரிந்திருக்க வேண்டும். அங்கே முடியாத கேஸ் மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகட்டும், அதுவும் துணைக்கு ஒரு ஆளோடும், டாக்டரிடம் முன்கூட்டியே வாங்கிய நேரத்தோடும்.

இன்னொன்று, சோதனை செய்கிற அறை. இதை ஆண் அதிகாரிகளிடம் நேரில் சொல்லக் கூச்சப்பட்டே 31 வருடம் போய்விட்டது. ஓ.பி. வரிசை நிற்கிற வராந்தாவை ஒட்டிய அறை, பாதி மூடுகிற திரைச்சீலை, ஸ்டூலை இழுத்தால் வெளியே கேட்கிற சுவர். ஊசி போட வந்த பக்கத்து வீட்டுக்காரர் வெளியே உட்கார்ந்திருக்கும்போது உள்ளே எந்தப் பெண் படுப்பாள்? தாழ்ப்பாள் போடுகிற கதவு, நல்ல விளக்கு, உடுத்த ஒரு சுத்தமான துணி. இதற்கெல்லாம் திட்ட அறிக்கை தேவையில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. கிருமி இருக்கிறதா என்று பார்க்க, பெண் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கிற சோதனையையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. குச்சியைக் கொடுத்தால் பெண்ணே உள்ளே போய் எடுத்து வந்துவிடுவாள், யாரும் பார்க்க வேண்டாம். விலை கூடுதல்தான். கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதை அதுவரைக்கும் ஒத்திப்போட வேண்டியதில்லை.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். நாட்டின் சராசரி 1.9. மேடையில் சொல்ல நல்ல எண். ஆனால் 100க்கு 90 பேரை யாரும் பார்த்ததே இல்லை என்பதும் அதே எண்தான். இந்த 90 பேருக்கு அல்லவா முதலில் டார்கெட் வைக்க வேண்டும், நீ ஏன் பாசிட்டிவ் வந்தவர்களையே பிடித்துத் தொங்குகிறாய் என்று கேட்பீர்கள். கிராமத்தில் சிகிச்சை முடிந்து நன்றாக இருக்கிற ஒருத்தி பத்துப் பேரைக் கூட்டிவருவாள். பாசிட்டிவ் என்று சொல்லப்பட்டு அலைக்கழிந்து திரும்பிய ஒருத்தி ஐம்பது பேரைத் தடுத்துவிடுவாள், "போகாதீகடி, கேன்சருன்னு சொல்லிப் பயமுறுத்தி விட்ருவாக" என்று. கண்டுபிடித்தவர்களை முதலில் முடியுங்கள், மீதிப்பேர் தானாக வருவார்கள்.

இனி பிரஷர், சர்க்கரை. இதில் நம் மாநிலம் செய்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2007இல் இரண்டு மாவட்டங்களில் சோதனை முயற்சியாக ஆரம்பித்தது பிறகு மாநிலம் முழுக்க வந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. மகளிர் குழுவைச் சேர்ந்த தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பி.பி. பார்த்து மாத்திரை கொடுக்கிறார். படுத்த படுக்கையாகக் கிடந்த கிழவிகள் அந்தப் பெண் வருகிற நாளை எண்ணிக்கொண்டு இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் கிடைத்தது. சந்தோஷம்.

ஆனால் 2020இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில், இரத்த அழுத்தம் இருந்த 100 பேரில் அது கட்டுக்குள் இருந்தது 7 பேருக்குத்தான். சர்க்கரையில் 100க்கு 11 பேர். அடுத்த சுற்றில் இரண்டுமே 17ஐ ஒட்டி ஏறின. ஏறியது உண்மை, அது திட்டத்தின் பலன். மீதி 83 பேர் எங்கே? அவர்களில் பலர் நம் ரெஜிஸ்டரிலேயே இருக்கிறார்கள். மாத்திரையும் வாங்குகிறார்கள். மாத்திரை வாங்கியதைத்தான் நாம் எண்ணுகிறோம், பி.பி. இறங்கியதா என்று எண்ணுவதில்லை.

இறங்கியதா என்று எண்ண வேண்டுமானால் முதலில் ஒழுங்காக அளக்க வேண்டும். இங்கேதான் ஒரு பாவமன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. எந்த நிலையத்து ரெஜிஸ்டரை வேண்டுமானாலும் எடுத்து ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாகப் படியுங்கள். 130/80, 120/80, 130/80, 130/80, 140/90, 130/80. ஊரில் அத்தனை பேர் இரத்தமும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி பூஜ்யத்தில் முடியும். காலையில் எழுபது பேர், ஒரு மெஷின், மதியத்துக்குள் ஆன்லைனில் ஏற்ற வேண்டும். வெயிலில் இரண்டு மைல் நடந்து வந்தவரை நிற்கவைத்தே கஃபைச் சுற்றினால் 160 காட்டும். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, கால் தரையில் பட, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேச்சுக் கொடுக்காமல் அளந்து, கூடுதலாக இருந்தால் இன்னொரு தடவையும் அளக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித்தருவார்கள். ஓ.பி. நேரத்தில் அந்த ஐந்து நிமிடத்துக்குப் பெஞ்சு கிடையாது. ஒரு பெஞ்சு போட்டு, 'இங்கே ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகே பி.பி. பார்க்கப்படும்' என்று பலகை எழுதி வையுங்கள். பருத்த கைக்குப் பெரிய கஃப் ஒன்று வாங்கிக் கொடுங்கள். எண்கள் தானாக ஒற்றைப்படையிலும் முடிய ஆரம்பிக்கும்.

2017இல் ஆரம்பித்த இந்திய இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியில் வேறு மாதிரி எண்ணுகிறார்கள். ஒரு காலாண்டில் பதிவான நோயாளிகளை ஒரு குழுவாக வைத்துக்கொண்டு, சில மாதம் கழித்து அந்தக் குழுவில் எத்தனை பேருக்கு 140/90க்குக் கீழே வந்திருக்கிறது, எத்தனை பேருக்கு வரவில்லை, எத்தனை பேர் ஆளையே காணோம் என்று மூன்று கூடையில் பிரிக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் படித்த தன்னார்வலருக்கும் இது புரியும். நமக்கு வேண்டியது அந்த மூன்றாவது கூடை. அதுதான் எக்ஸ் போட்ட வீடு.

மூன்றாவது கூடையில் யார் இருப்பார்கள் என்று நான் பார்க்காமலே சொல்வேன். ஆண்கள். 35, 40, 50 வயது ஆண்கள். சித்தாள், கொத்தனார், லோடுமேன், லாரி டிரைவர், டாஸ்மாக் திறந்திருக்கிற நேரத்தில் மட்டும் ஊருக்குள் இருக்கிறவர்கள். தன்னார்வலர் காலையில் வீட்டுக்குப் போனால் இருப்பது அவர்கள் அம்மாவும் பெண்டாட்டியும். ஓ.பி. நடக்கிற நேரத்தில் இவர்கள் சாரத்தின் மேலே நிற்பார்கள். 2023 ஜூனில் நகரங்களில் திறந்த நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8 என்று நடக்கின்றன. வேலைக்குப் போகிறவன் பொழுது சாய்ந்துதான் வருவான் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனை கிராமத்துக்கு ஏன் வரவில்லை? வாரத்தில் இரண்டே இரண்டு சாயங்காலம் போதும். அதற்காக இப்போதிருக்கிற நர்சையே இரவு 8 மணிவரை நிற்கவைக்காதீர்கள், மறுநாள் காலை அவருக்கு விடுப்பு கொடுங்கள். எங்கள் காலத்தில் எந்தப் புதுத் திட்டம் வந்தாலும் அது பழைய நர்சின் தலையில்தான் ஏறும்.

அந்தத் தலைச்சுமை பற்றியும் கொஞ்சம். இதயத்தைக் காக்க ஒரு திட்டம், சிறுநீரகத்தைக் காக்க ஒரு திட்டம், பாதத்தைக் காக்க ஒரு திட்டம். எல்லாம் நல்ல திட்டங்கள், நான் ஒன்றையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெஜிஸ்டர், ஒரு ஆப், ஒரு வாட்ஸ்அப் குழு, அந்தக் குழுவில் தினமும் ஒரு போட்டோ. மேலத்தெருவில் இருக்கிற ஒரு மனுஷிக்குச் சர்க்கரை, அதனால் சிறுநீரில் புரதம், அதனால் காலில் மரத்துப்போன புண். ஒரே ஆள். அவர் மூன்று ரெஜிஸ்டரில் மூன்று வரிசை எண்ணோடு இருப்பார். மூன்றையும் ஒரே பக்கத்தில் சேர்த்துப் பார்த்த டாக்டர் ஒருவரும் இருக்க மாட்டார். குடும்பத்துக்கு ஒரு பக்கம் என்று மாற்றுங்கள். அந்தப் பக்கத்தைத் திறந்தால் பேரனுக்கு எப்போது ஊசி, மருமகளுக்கு எப்போது சோதனை, பாட்டிக்கு எப்போது கால் பார்க்க வேண்டும் என்று எல்லாம் தெரிய வேண்டும். காகிதத்தில் இருந்தாலும் சரி, டேப்லெட்டில் இருந்தாலும் சரி. டேப்லெட் என்றால் டவர் இல்லாத இடத்திலும் திறக்க வேண்டும்.

முகாம்கள் பற்றி விரிவாக எழுதப்போவதில்லை. ஷாமியானா, பேனர், டிபன். ஒரு நாளில் ஆயிரம் பேரைப் பார்க்கிறோம். மறுநாள் அந்த ஆயிரம் சீட்டும் யார் கையில் இருக்கிறது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து எங்களுக்குத் தகவல் திரும்பி வருவதே இல்லை. நாங்கள் சீட்டு எழுதி அனுப்புவது கிணற்றில் கல்லைப் போட்ட மாதிரி. போனாரா, பார்த்தார்களா, என்ன சொன்னார்கள் என்பது அந்தப் பெண்ணே வந்து சொன்னால்தான் உண்டு, அதுவும் அவருக்குப் புரிந்த அளவு. அனுப்பிய ஆள் 15 நாளுக்குள் போய்ச் சேரவில்லை என்றால் எங்கள் போனுக்கு ஒரு செய்தி வரட்டும். அவ்வளவு போதும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம். பிக்மி நடத்தத் தெரிந்த துறைக்கு இது பெரிய வேலையா?

2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் அறிவித்தார்கள். அதைப் படித்த அன்றைக்கு நான் அக்காவின் பேத்தியை நினைத்தேன். அந்தத் தடுப்பூசிக்கு டியூ லிஸ்ட் தானாக வந்துவிடும், பிள்ளைகள் விஷயத்தில் நமக்குக் கை பழகியிருக்கிறது. ஒரே ஒரு விண்ணப்பம்: பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். மில் வேலைக்குப் போன பிள்ளையும், சீக்கிரம் கட்டிக்கொடுக்கப்பட்ட பிள்ளையும் எந்த வகுப்பின் வருகைப் பதிவேட்டிலும் இருக்காது. ஆனால் எந்த வீட்டில் எந்தப் பிள்ளை நின்றுவிட்டது என்று அந்தத் தெருத் தன்னார்வலருக்குத் தெரியும். அவருக்கு நாம் கொடுப்பது சம்பளமே இல்லை, ஊக்கத்தொகை. சர்க்கரை பார்க்கிற ஸ்ட்ரிப் தீர்ந்துபோனால் வெறும் கையோடு வீடு வீடாகப் போய்த் திட்டு வாங்குவதும் அவர்தான். இந்த ஊக்கத்தொகை என்ற சொல்லை ஒரு நாள் சம்பளம் என்று மாற்ற வேண்டியிருக்கும். அந்தக் கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

என் சகோதரிகளான செவிலியர்களுக்கும் இந்த மடல் வழியே ஒன்று சொல்கிறேன். பூஜ்யம் என்று எழுதப் பயப்படாதீர்கள். ஆள் வரவில்லை என்றால் வரவில்லை என்று எழுதுங்கள். நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் யாராவது ஏன் என்று கேட்டிருப்பார்கள். இயக்குநர் அவர்களே, பூஜ்யம் எழுதியவருக்கு மெமோ வராது என்று ஒரு சுற்றறிக்கை உங்கள் கையெழுத்தோடு வந்தால், ஆறே மாதத்தில் உங்கள் துறையின் எண்கள் பாதியாக இறங்கும். கலங்காதீர்கள். முதல் தடவையாக உண்மை எண் உங்கள் கைக்கு வந்திருக்கும்.

1939இலேயே பொது சுகாதாரச் சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. டாக்டர் ஊசி போடுகிற துறை ஒன்று, நோயே வராமல் பார்க்கிற துறை ஒன்று என்று தனித்தனியாக வைத்திருப்பதில் நமக்குப் பெருமை உண்டு. அதனால்தான் இதை அமைச்சருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

அடுத்த மாத ரிவ்யூவில் வழக்கம்போல ஒவ்வொரு மாவட்டமாக எழுந்து சதவீதம் வாசிப்பார்கள். ஏதாவது ஒரு நிலையத்தின் மூன்று வருடத்துக்கு முந்தைய ரெஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். 'பாசிட்டிவ், ரெஃபர்டு' என்று இருக்கிற முதல் பெயரில் விரலை வைத்து, இந்த அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். உடனே பதில் வராது. யாராவது வெளியே போய்ப் போன் போடுவார்கள், அந்த நிலையத்திலிருந்து துணை நிலையத்துக்குப் போன் போகும், அங்கிருந்து ஒரு நர்ஸ் வண்டியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவார். அதுவரைக்கும் அடுத்த மாவட்டத்தைக் கூப்பிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்